வார்டில் இருக்கும்போதே தொடங்குங்கள்: நீண்ட நாள் சிகிச்சையும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையும்

பேராவூரணிப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் வராமல் போனவர், சர்க்கரைப் புண்ணால் காலை எடுத்தவர், பைபாஸில் வண்டி மோதி முதுகுத்தண்டு அடிபட்டவர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ திருச்சியிலோ வேலூரிலோ இவர்கள் மாதக்கணக்கில் படுத்திருக்க நேரிடுகிறது. குடும்பம் முதலில் உயிரைப் பார்க்கிறது, பிறகு பில்லைப் பார்க்கிறது. அடையாள அட்டை, உதவித்தொகை, இழப்பீடு எல்லாம் “வீட்டுக்கு வந்ததும் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப் போகின்றன.

அப்படித் தள்ளிப் போடாதீர்கள். கேட்க வேண்டிய இடங்களில் காட்டும் காகிதங்களில் பாதி வார்டில்தான் கிடைக்கும். சில கோரிக்கைகளுக்குக் கெடு உண்டு. நோயாளி படுக்கையில் இருக்கும்போதே அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். முதல் தடவையாக இதில் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு எதை எப்போது செய்வது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆஸ்பத்திரியில் இருந்தால் பணம் நிற்குமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் வரும் உதவித்தொகைக்குக் குறைபாட்டின் வகையையும் அளவையும் பார்க்கிறார்கள். வருவாய்த்துறை ஓய்வூதியம் என்றால் குடும்பத்தின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறாரா, வார்டில் படுத்திருக்கிறாரா என்பதை வைத்துத் தகுதி மாறுவதில்லை. ஆனாலும் நீண்ட நாள் ஊரில் இல்லாதவர்களின் பணம் நின்றுபோவதுண்டு. சரிபார்க்க வந்தபோது ஆள் வீட்டில் இல்லை, உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்று கொடுக்கவில்லை, கணக்கில் பணம் எடுக்காமலே கிடக்கிறது என்று அதற்குக் காரணங்கள் வேறு. அதைத் தடுக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை: ஒரு ஆள், ஒரு பை

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர், காகிதம் பார்ப்பவர் வேறொருவர் என்று முதல் வாரத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருவர் தலையில் கட்டினால் இரண்டும் கெடும். காகிதம் பார்ப்பவருக்கு மூத்த பிள்ளைதான் என்றில்லை, பத்தாவது படித்த மருமகள் போதும்.

அவருடைய பையில் இருக்க வேண்டியவை இவை. நோயாளியின் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக், நாலைந்து பாஸ்போர்ட் அளவு போட்டோ, உள்நோயாளிச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட்கள், அறுவை சிகிச்சைக் குறிப்பு. விபத்தென்றால் ஏ.ஆர். காப்பியும் (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) எஃப்.ஐ.ஆர். நகலும் சேரும். ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் பிடித்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். மழைக்காலத்தில் பேருந்து மாறி மாறி வருகிறவர் கையில் ஒரே ஒரு மூலப் பிரதி இருப்பது ஆபத்து.

ஏ.ஆர். காப்பி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்ததும் அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். “எப்படி அடிபட்டது?” என்று கேட்பார்கள். கூட வந்தவர் பதற்றத்தில் “கீழே விழுந்துட்டார் சார்” என்று மட்டும் சொல்ல, அப்படியே பதிவாகிவிடும். இன்சூரன்ஸ்காரர் பின்னால் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். மரத்திலிருந்து விழுந்தாரா, வேலை செய்யும் இடத்தில் விழுந்தாரா, எந்த வண்டி மோதியது, எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்தப் பதிவில் வர வேண்டும். தப்பாகவோ அரைகுறையாகவோ எழுதப்பட்டிருந்தால் நோயாளி வார்டில் இருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டிலாவது சரியான விவரத்தை ஏற்றச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் யாரும் தொடமாட்டார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரை அலைக்கழிப்பது: நோயாளியின் கைபேசி எண். ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் இணைந்த எண் அதுதான். எந்த விண்ணப்பம் போட்டாலும் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். அவர் படுத்திருக்கிறார், போனை யார் பேசப் போகிறார்கள் என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சிம் செத்துவிடும். பிறகு எண்ணை மாற்ற விரல் ரேகை வைக்க வேண்டும், அதற்கு அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாதாமாதம் குறைந்தபட்ச ரீசார்ஜாவது போட்டுவையுங்கள்.

ஆதாரில் ஒரு இனிஷியல், குடும்ப அட்டையில் வேறு இனிஷியல், பாஸ்புக்கில் அப்பா பெயர் சேர்ந்து நீளமாக என்று இருந்தால் அதையும் இப்போதே திருத்த ஆரம்பியுங்கள்.

கெடு உள்ளவற்றை முன்னால் முடியுங்கள்

சாலை விபத்தா? முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. வருமான வரம்பு இல்லை, எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். அதற்குப் பிறகு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ. வழியாக வருமானச் சான்று வாங்கிக் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். இந்தக் காப்பீடு அறுவை சிகிச்சைக்கும் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கும் தொகுப்பாகக் கொடுப்பது. மாதக்கணக்கில் தங்கிப் பிசியோதெரபி செய்யும் செலவு முழுவதும் அதில் அடங்கும் என்று எண்ணிக்கொண்டு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிடாதீர்கள். மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

வண்டி மோதிய வழக்கில் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு ஆறு மாதம் ஆஸ்பத்திரியிலேயே ஓடிவிடும். முழுக் குணமாகட்டும், ஊனத்தின் அளவு தெரியட்டும் என்று காத்திருக்காமல் மனுவை முதலில் போட்டுவிடுங்கள், சான்றுகளைப் பிறகு தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஊர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவைப் பாருங்கள், அல்லது 15100 எண்ணில் கூப்பிடுங்கள். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசு இழப்பீடு உண்டு. அதற்கு மனு கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில்.

அப்புறம் பாஸ்புக்கை எடுத்து மே மாதக் கடைசிப் பதிவுகளைப் பாருங்கள். 20 ரூபாய் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் அவர் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் இருக்கிறார். வங்கியில் என்றைக்கோ ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அவருக்கே நினைவிருக்காது. விபத்தில் இரு கால்களோ இரு கைகளோ நிரந்தரமாகச் செயலிழந்தால் 2 லட்சம், ஒரு கையோ காலோ என்றால் 1 லட்சம். விபத்து நடந்த 30 நாளுக்குள் கோரிக்கைப் படிவத்தை வங்கியில் கொடுக்க வேண்டும். பக்கவாதத்துக்கு இது வராது, விபத்துக்கு மட்டும்தான்.

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் மரம் ஏறுகிறவர்கள் வீட்டில் இன்னொன்றையும் தேடுங்கள். தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ காப்பீட்டில் அவர் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். நிரந்தர ஊனம், ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போக முடியாத வாரங்கள் எல்லாவற்றுக்கும் அதில் தொகை உண்டு. நடவு, அறுப்பு வேலைக்குப் போகிறவர்களும், இரண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் புஞ்சைக்குள் வைத்திருக்கும் சிறு விவசாயிகளும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வாங்கியிருக்கலாம். விபத்து ஊனத்துக்கு அதிலும் உதவி வரும். விண்ணப்பம் வி.ஏ.ஓ. வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியருக்குப் போகும்.

அடையாள அட்டை: சொந்த மாவட்டத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

மாதாந்தர உதவித்தொகைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஊனச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும்தான். ‘ஸ்வாவ்லம்பன்’ இணையதளத்தில் இ-சேவை மையம் வழியாகவே பதியலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் விதிகள், 2017இல் 17ஆவது விதியைப் பாருங்கள். வசிக்கும் மாவட்டத்து மருத்துவ அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். அந்தக் குறைபாட்டுக்காகச் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையின் மருத்துவ அதிகாரியிடமும் விண்ணப்பிக்கலாம். அதாவது திருத்துறைப்பூண்டிக்காரர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுத்திருந்தால் சான்றுக்காகத் திருவாரூருக்கு ஆம்புலன்ஸ் வைத்துப் போக வேண்டிய அவசியமில்லை. “உங்க மாவட்டத்துல போய் வாங்குங்க” என்று யாராவது சொன்னால் இந்த விதி எண்ணைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். நோயாளியால் தானே விண்ணப்பிக்க முடியாத நிலையென்றால் சட்டப்படியான பாதுகாவலர் அவர் சார்பில் விண்ணப்பிக்கலாம்.

தனியார் மருத்துவமனையில் இருந்தால் அங்கே சான்று தரமாட்டார்கள். ஆனால் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் விரிவான அறிக்கை வாங்கிவாருங்கள். எந்தத் தசைக்கு எவ்வளவு பலம், உணர்ச்சி எந்த மட்டத்துக்குக் கீழே இல்லை, சிறுநீர் மலக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பது வரை அதில் வர வேண்டும். ஊருக்கு வந்து மருத்துவக் குழு முன்னால் நிற்கும்போது சதவீதம் போடுகிறவருக்கு அது பெரிய உதவி.

எப்போது போட வேண்டும்? காலை எடுத்தவருக்கு அளவு உடனே தெரிந்துவிடும். பக்கவாதம், தலைக்காயம், முதுகுத்தண்டு அடி என்றால் நிலைமை ஓரளவு நிலைப்படட்டும் என்று மருத்துவர் காத்திருக்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னால், குறிப்பிட்ட காலம் வரை செல்லும் தற்காலிகச் சான்று கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், விதியில் அதற்கு இடம் உண்டு. இணையப் பதிவையும் அப்போதே செய்துவிடுங்கள், பதிவுத் தேதி கையில் இருக்கும். கொடுத்த சதவீதம் குறைவு என்று பட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தியபோது அட்டைக்கு நிறம் வந்தது. 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான உதவிகளுக்கு 40தான் வாசற்படி.

எந்தத் தொகை, எங்கே கேட்பது

இரண்டு துறைகள் இரண்டு தொகைகள் தருவதால்தான் குழப்பம். கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தருவது பராமரிப்பு உதவித்தொகை. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், 40 சதவீதத்துக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளோர், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயிலிருந்து குணமானோர், முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்டோர், பார்க்கின்சன் நோயாளிகள் போன்றோருக்கு இது. மற்றவரின் உதவி இல்லாமல் எதுவும் செய்ய முடியாதவருக்கு, கவனித்துக்கொள்பவருக்கென்று மாதம் 1,000 ரூபாய் தனியாகக் கேட்கலாம். இதைக் கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். அலுவலகத்தில் நீங்களாகக் கேளுங்கள்.

மற்றொன்று வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,500 ரூபாய். 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடும் ஆதரவற்ற நிலையும் உள்ளவர்களுக்கு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் முடிவு செய்வார். ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். முதுகுத்தண்டு அடிபட்டவர், 75 சதவீதம் தாண்டியவர் என்றால் நேராக நல அலுவலகத்துக்குப் போவதே மேல் என்பது என் கருத்து. தொகையும் கூடுதல், சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களும் அங்கேதான் கிடைக்கும்.

காரைக்கால் பக்கத்துக் குடும்பங்கள் கவனிக்க: காரைக்கால் புதுச்சேரி அரசின் கீழ் வருவது. நாகப்பட்டினத்துக்காரர் காரைக்காலில் சிகிச்சை பெற்றாலும் உதவித்தொகை கேட்க வேண்டியது நாகப்பட்டினத்தில்தான். காரைக்கால்காரர் தஞ்சாவூரில் படுத்திருந்தாலும் அவருக்குப் புதுச்சேரித் திட்டங்கள்தான். ஆதாரில் இருக்கும் முகவரியே பேசும்.

ஏற்கெனவே பணம் வாங்குகிறவர் படுத்துவிட்டால்

வி.ஏ.ஓ.வுக்கும், பணம் தரும் துறைக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். வெள்ளைத்தாளில் நாலு வரி போதும்: “என் தந்தை இன்ன மருத்துவமனையில் இன்ன தேதி முதல் உள்நோயாளியாக இருக்கிறார், ஆள் ஊரில் இல்லை என்று கருதி உதவித்தொகையை நிறுத்த வேண்டாம், வாழ்நாள் சான்றுக்கு மருத்துவமனைச் சான்றை இணைத்துள்ளேன்.” இதோடு உள்நோயாளிச் சீட்டின் நகலை வைத்து, இன்னொரு நகலில் அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்த முத்திரைதான் பின்னால் நிலுவையைக் கேட்க உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

பணத்தை எடுப்பது அடுத்த தலைவலி. பக்கவாதத்தில் விரல் மடங்கிப் போயிருக்கும், கட்டுப் போட்ட கையில் ரேகை விழாது. கையெழுத்துப் போட முடியாத நோயாளி கைவிரல் அல்லது கால்விரல் ரேகை வைத்தே வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கிளை மேலாளரிடம் இதைச் சொல்லி, ஒருவரை ஆஸ்பத்திரிக்கோ வீட்டுக்கோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஏ.டி.எம். அட்டையை மட்டும் நம்பி அதன் ரகசிய எண்ணை ஊரெல்லாம் சொல்லிவைப்பதைவிட இது பாதுகாப்பு.

ரேஷனை விட்டுவிடாதீர்கள். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டுக்குள் எந்த ஊர் நியாயவிலைக் கடையிலும் பொருள் வாங்கலாம். வேலூரில் அறை எடுத்துத் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் குடும்பம், குடும்ப அட்டையில் பெயர் உள்ள ஒருவர் ரேகை வைத்து அங்கேயே அரிசி வாங்கிக்கொள்ளலாம். ஊனச் சான்று வந்த பிறகு, 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டையாக மாற்ற வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

சம்பளக்காரராக இருந்தால்

கும்பகோணம், தஞ்சாவூர் ஜவுளிக்கடைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்கிறவருக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் மருத்துவச் செலவோடு கதை முடிவதில்லை. நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் வரும். பக்கவாதம் போன்ற பட்டியலிட்ட நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து பணியிலும் தேவையான அளவு சந்தாவிலும் இருந்தவருக்கு, இரண்டு ஆண்டு வரை 80 சதவீதம். வேலையில் ஏற்பட்ட விபத்து என்றால் வேலைக்குத் திரும்ப முடியாத காலம் முழுக்க 90 சதவீதம். அதற்குச் சந்தா நாள் கணக்கு பார்ப்பதில்லை. நிரந்தர ஊனம் ஆகிவிட்டால் மருத்துவ வாரியம் நிர்ணயித்தபடி ஆயுள் முழுக்க மாதத் தொகை. முதலாளி விபத்து அறிக்கை அனுப்பினாரா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். மருத்துவச் சான்றுகளை இடைவெளி இல்லாமல் கொடுத்துக்கொண்டே வாருங்கள், நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் அந்த வாரப் பணம் போய்விடும்.

பி.எஃப். பிடித்தவர் முழு நிரந்தர ஊனம் அடைந்தால் பத்து வருடச் சேவை தேவையில்லை, ஒரு மாதச் சந்தா இருந்தாலே ஊன ஓய்வூதியத்துக்கு வழி உண்டு.

அரசு ஊழியரா, போக்குவரத்துக் கழக ஓட்டுநரா? பணிக்காலத்தில் ஊனமடைந்த அரசு நிறுவன ஊழியரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது என்று 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. அதே சம்பளத்தில் வேறு பணி கொடுக்க வேண்டும், அது இல்லாவிட்டால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். “விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துடுங்க, சீக்கிரம் பணம் வரும்” என்று யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் நாளில்

வண்டி வாசலில் நிற்கிறது என்று அவசரப்படாமல் டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே வாசித்துப் பாருங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, சேர்ந்த தேதியும் போகும் தேதியும் சரியா, எந்தப் பக்கம் பாதிப்பு என்பதில் வலது இடது மாறியிருக்கிறதா, தொடர்ந்து பிசியோதெரபியும் உதவியாளரும் தேவை என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தக் கடைசி வரி இருந்தால் கவனிப்பவர் தொகையும் சக்கர நாற்காலியும் கேட்கும்போது பேச வேண்டிய வேலை குறையும். முதுகுத்தண்டு பாதித்தவர் என்றால் பேட்டரி சக்கர நாற்காலிக்கு நல அலுவலகத்தில் அந்த வாரமே மனு கொடுங்கள், வரிசை நீளமாக இருக்கும்.

மறுபரிசோதனைக்கு வேலூர், சென்னை போக வேண்டியவர்கள் அரசு மருத்துவரிடம் ரயில்வே சலுகைச் சான்றில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். துணையில்லாமல் போக முடியாதவருக்கும் துணைக்கு வருபவருக்கும் படுக்கை வகுப்பில் 75 சதவீதம் குறையும். மன்னார்குடியிலிருந்து திருப்பதி போகும் பாமணி எக்ஸ்பிரஸ், வேலூருக்குப் பக்கத்தில் உள்ள காட்பாடி வழியாகத்தான் போகிறது.

ஊருக்கு வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் பெயரைச் சேருங்கள். இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். விண்ணப்பங்களில் எதற்காவது பதில் வராவிட்டால் ஒப்புகைச் சீட்டு எண்ணோடு முதல்வரின் உதவி மைய எண்ணான 1100க்குக் கூப்பிடுங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனுவோடு முத்திரை வாங்கிய அந்தக் கடித நகலையும் இணையுங்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், காகிதம் பார்ப்பவர் போனால் போதும்.